கல்லுக்குப் பயந்து வாங்கிய ஆயில் சேம்பர்

எங்கள் ஊரில் அந்தக் காரில் ஏறாத பெண் யார் என்று கேட்டால் என்னைத்தான் கைகாட்ட வேண்டும். கல்யாணத்தன்று ஒருமுறை உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஏழு வருஷம் ஊர்ப் பெண்கள் மணப்பெண்ணாக ஏறினார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஏறினார்கள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வர ஏறினார்கள். நான் அந்தக் காரைக் கழுவினேன். சீட்டுக்கு உறை தைத்தேன். என் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் மருத்துவச்சி கையில்தான் பிறந்தார்கள். இரண்டு தடவையும் கார் யாருடைய கல்யாணத்துக்கோ போயிருந்தது.

கார் என் வீட்டுக்காரருடையது. அவர் எனக்கு மாமன் மகன், அதனால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எனக்கு 'மாமா'தான். உத்திரமேரூருக்குத் தெற்கே ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மீதி வயிற்றுப்பாட்டுக்குக் காரை நம்பியிருந்தோம். எழுபதுகளின் கடைசி அது. அமெரிக்காக்காரன் செய்த பழைய பிளஷர் கார், பட்டணத்தில் ஏதோ ஒரு மில் முதலாளி வைத்திருந்து, நாலு கை மாறி எங்களிடம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மற்ற டாக்சிகளெல்லாம் நாலு சிலிண்டர். எங்களுடையது எட்டு. அதைச் சொல்லும்போது மாமாவின் கழுத்து ஒரு விரல்கடை நீளும்.

அதன் சத்தம்தான் என் கடிகாரம். கேழ்வரகுக் கூழ் பெரிய பானையில் கொதிக்கும்போது அடியிலிருந்து குமிழி குமிழியாக ஒரு சத்தம் கிளம்புமே, அந்த மாதிரி. ஏரிக்கரை வளைவில் கார் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும். எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளிவிடுவேன், குழம்பு சூடாகும் நேரத்துக்கு அவர் வாசலில் நிற்பார். இன்றைக்கும் சாயங்காலமானால் என் காது அந்த வளைவுக்குப் போய்விடுகிறது. என்ன பண்ணுவது, பழக்கம்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. கடலைப் பார்க்க வேண்டும். அதுவும் அந்தக் காரின் முன் சீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போய்ப் பார்க்க வேண்டும். கல்யாணக் கோஷ்டிகளை அவர் மகாபலிபுரம் கூட்டிப்போய்த் திரும்பும்போதெல்லாம் கால்மிதியில் மணல் கொட்டிக் கிடக்கும். அதைப் பெருக்கி எடுக்கிறவள் நான். முறத்தில் அள்ளிய மணலை உடனே கொட்ட மனசு வராது, விரலால் கொஞ்சம் துழாவிவிட்டுத்தான் கொட்டுவேன்.

ஒருநாள் அதை அவர் பார்த்துவிட்டார்.

"இன்னாமே, மண்ணுல இன்னா தேடிக்கினு கீற?"

"ஊரையெல்லாம் இட்டுகினு போறியே மாமா, நான் மண்ணையாச்சும் பாக்கறேன்" என்றேன். எனக்கு வாய் அப்படித்தான், எதையும் நேராகக் கேட்கத் தெரியாது.

அவர் சிரிக்கவில்லை. "வர்ற ஆடிக்குப் போறோம். நாம ரெண்டு பேரு மட்டும். ஆடியில எவன் கல்யாணம் பண்றான், வண்டி சும்மாத்தானே நிக்கும்?" என்றார்.

அதிலிருந்து நான் ஆடிக்காகக் காத்திருந்தேன். ஊரில் புதுப்பெண்களெல்லாம் ஆடி வந்தால் புருஷனைப் பிரிந்து தாய்வீடு போகணுமே என்று மூக்கைச் சிந்துவார்கள். ஏழு வருஷத்துப் பழம்பெண்டாட்டி நான் ஒருத்திதான் ஆடியை விரல்விட்டு எண்ணினேன்.

ஆனிக் கடைசியில் எங்கள் கொல்லையில் கேழ்வரகு அறுத்தோம். கதிரை அடிக்க அப்போது எங்கள் பக்கத்தில் யாரும் தடி எடுக்கமாட்டார்கள். தாளோடு கொண்டுபோய்த் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போதும், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துத் தந்துவிடும். சாயங்காலம் தாளை உதறி எடுத்துவிட்டுத் தானியத்தைக் கூட்டி அள்ள வேண்டியதுதான். இதில் ஒரே ஒரு பேஜார். எல்லா வண்டியும் ஒரே தடத்தில் போகும். இரண்டு பக்கமும் நன்றாக மிதிபட்டிருக்கும், நடுவில் கிடக்கிற கதிர் வைத்தது வைத்தபடி கிடக்கும். அதைப் புரட்டிப் புரட்டி இடுப்பு ஒடிந்துபோகும்.

நான் ஒரு யோசனை பண்ணினேன். எங்கள் ஆட்டுப் பட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கருங்கல் ஒன்று உண்டு, ஒரு ஓரத்தில் உளி அடித்த மூன்று குழிகளோடு. அதைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டின் நட்டநடுவில் வைத்தேன். கல்லைப் பார்த்தால் டிரைவர் ஒரு பக்கமாக ஒதுங்குவான், சக்கரம் நடுக்கதிரில் ஏறும். முதலில் வந்த பஸ் அப்படியே ஒதுங்கி மிதித்துவிட்டுப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற பெண்கள் எல்லாரும் மண்டையில் களிமண்ணோடு இருக்கிறார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பகல் பொழுதில் மேலைக்காற்று எழும்பியது. தாளெல்லாம் பறந்து கல்லின்மேல் குவிந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை, கூழ் குடிக்க வீட்டுக்குப் போயிருந்தேன். பஸ்ஸுக்கு அது ஒரு பொருட்டில்லை, அதன் அடிவயிறு அவ்வளவு உயரம். எங்கள் கார் தாழ்ந்த கார். அது சாயங்காலம்தான் வரும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அன்றைக்கு முகூர்த்தம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

கொதிக்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்து அடுப்புப் பக்கம் போனேன். அதற்குள் பெரிய அண்டாவைக் கீழே போட்டது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

ஓடிப் போய்ப் பார்த்தால், கேழ்வரகுத் தாளுக்கு நடுவில் கார் நிற்கிறது, அதன் அடியில் கறுப்பாக ஆயில் பரவிக்கொண்டிருக்கிறது. மாமா மல்லாக்கப் படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டிருந்தார். கல் பின்பக்கமாகத் தெறித்துக் கிடந்தது. நான் அதைக் காலால் உருட்டி, சாலையோரக் கால்வாயில் தள்ளினேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"ஆயில் சேம்பரு கியிஞ்சிடுச்சி" என்று அவர் எழுந்தார். சேம்பர் என்றால் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தகரத் தொட்டி. "எந்தப் பாவி வெச்ச கல்லோ."

அந்தப் பாவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

உத்திரமேரூரில் இரண்டு தடவை வெல்டிங் வைத்துப் பார்த்தார்கள். பழைய தகடு, துருவேறி இளைத்திருந்தது. ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கிறது. சூட்டில் விளிம்பு வேறு வளைந்துபோய், போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஆயில் கசிந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "அந்த இன்ஜினைத் தூக்கிக் கடாசுப்பா, டீசல் இன்ஜினை மாட்டு. எட்டு சிலிண்டருக்கு எங்க சாமான் கெடைக்கும்?" மாமா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

பட்டிக் கதவுக்கு நான் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தேன். கால்வாயில் இறங்கிக் கல்லை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் பட்டணத்தில் பழைய கார் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய்த் தேடிப் பார்ப்பது என்று முடிவானது. நானும் வருகிறேன் என்று அடம்பிடித்தேன். பழைய சேம்பரைக் கோணியில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கொயந்தைக்குக் குளிக்கத் தொட்டியா?" என்றார். வேறு நாளாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். தொட்டி நசுங்கிப் போயிருந்ததால் அதன் ஆழம் சரியாகத் தெரியாது. அதனால் நசுங்காத பக்கத்தை ஒரு ஈர்க்குச்சியால் அளந்து ஒடித்து, முந்தானையில் முடிந்துகொண்டேன். மாமா இன்ச் டேப் வைத்திருந்தார். எனக்கு ஈர்க்குதான் நம்பிக்கை.

புதுப்பேட்டையில் ஒரு தெரு முழுக்கக் கார்களின் கதவுகளும் மூக்குகளும் குவிந்து கிடந்தன. ஏழு கடை ஏறி இறங்கினோம். எட்டாவது கடைக்காரர் வயசான பாய். கோணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் இரண்டு சேம்பர்களைக் கொண்டுவந்து தரையில் வைத்தார்.

"கம்பெனி சரக்கு இதுக்கு இப்ப கெடையாது தங்கச்சி. ரெண்டும் இங்க பட்டறையில தட்டுனது. போல்ட் ஓட்டையெல்லாம் ஒக்காந்துக்கும். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல."

ஒன்று ஆழமானது. பின்பக்கம் நன்றாகக் குழிந்து இறங்கியிருந்தது, ஆயில் அலம்பாமல் இருக்க உள்ளே ஒரு தடுப்புத் தகடும் இருந்தது. பழையதைவிட அதிக ஆயில் பிடிக்கும், எவ்வளவு தூரம் ஓட்டினாலும் இன்ஜின் சூடாகாது என்றார் பாய். மற்றது தட்டையானது. கிராமத்து ரோட்டுக்கென்றே யாரோ செய்யச் சொன்னதாம். மேலே ஏறி நிற்கும், கல் படாது. ஆயில் குறைவாகத்தான் பிடிக்கும், தடுப்பும் கிடையாது.

"இது கல்லுக்கு நல்லது" என்று தட்டையானதைத் தட்டிக் காட்டினார். "இன்ஜினுக்கு நல்லதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

மாமா ஆழமானதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே கையை விட்டுத் தடுப்புத் தகட்டைத் தடவினார். அவர் முகத்தில் பத்து நாளாக இல்லாத ஒரு வெளிச்சம். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஈர்க்கை உள்ளே விட்டேன். பழையதைவிட இரண்டு விரல்கடை கூடுதலாக இறங்கியது. அந்த இரண்டு விரல்கடையைப் பார்த்ததும் அண்டா விழுந்த சத்தம் மறுபடியும் காதில் கேட்டது.

"இது வேணாம் மாமா. அதையே எடு."

"எம்மே, இது எம்மாம் நல்ல பொருளு தெரியுமா?"

"கல்லுல பட்டா?"

"எத்தினி வருசமா அந்த ரோட்டுல ஓட்டிக்கினு கீறேன், ஒரு கல்லு பட்டுக்கீதா? அன்னிக்கு ஏதோ ஒண்ணு."

"இன்னொண்ணு வராதுன்னு யாரு கண்டா?"

அவர் சேம்பரை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கொஞ்ச நேரம் இல்லை, ரொம்ப நேரம். நான்தான் கல்லை வைத்தேன் என்ற பேச்சு என் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால், இனிமேல் வைக்கமாட்டேன், நீ ஆழமானதையே வாங்கு என்றும் சொல்லியிருப்பேன். அதற்குள் பாய் டீ வாங்கி வரச் சொல்லி, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டார். டீயோடு சேர்த்து அதையும் விழுங்கினேன்.

"சரி, நீ சொல்றதையே எடுத்துக்கலாம்" என்றார் மாமா.

புருஷனை ஜெயித்துவிட்டேன் என்று திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூட இருந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தட்டைச் சேம்பர் அழகாக உட்கார்ந்துகொண்டது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஊருக்குள் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆடி இரண்டாவது வெள்ளிக்கிழமை கிளம்பினோம். பிள்ளைகளை நாத்தனார் வீட்டில் விட்டேன். புளிச்சோறு கட்டினேன். நாவல்பழ நிறத்தில் ஒரு சேலை, அதைப் பெட்டிக்கு அடியில் இதற்கென்றே மடித்து வைத்திருந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்தேன். அது பெஞ்சு மாதிரி நீளமான சீட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் கியர்கூடக் கிடையாது. அது ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது கூட்டாளி டிரைவர்கள், "இன்னா, ஆடியில மாப்ள பொண்ணு ஊர்கோலமா?" என்று கத்தினார்கள். அவர் ஹாரனை அடித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் தலையைக் குனியவில்லை. கல்யாணத்தன்று மேளத்தில் காதில் விழாத அந்தச் சத்தத்தை முதல்முறையாக நான் தூரத்திலிருந்து இல்லாமல் காலடியில் கேட்டேன். உள்ளங்கால் வழியாக முழங்கால் வரை ஏறியது.

செங்கல்பட்டு வரைக்கும் நன்றாகத்தான் போனது. அதைத் தாண்டியதும் அவர் பேச்சைக் குறைத்தார். அவர் கண் ரோட்டுக்கும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த ஒரு முள்ளுக்குமாகப் போய்ப் போய் வந்தது. ஆயில் அழுத்தம் காட்டுகிற முள். திருக்கழுக்குன்றத்தில் மாடுகள் குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினார். முள் சட்டென்று படுத்துக்கொண்டது. மெல்ல எழுந்து, மறுபடி படுத்தது.

ஊரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். அளவுக் கம்பியை உருவிக் காட்டினார். ஆயில் சூட்டில் ரசம் மாதிரி தண்ணீராக ஓடியது. "இருக்கறதே கொஞ்சம். சூட்டுல எளகிப்போய், பிரேக் போட்டா முன்னால ஓடிடுது. பம்பு காத்தைத்தான் குடிக்குது" என்றார். புளிச்சோறு சாப்பிட்டோம். வண்டி ஆறட்டும் என்று காத்திருந்தோம். திரும்ப எடுத்தால் ஒரு மைல் போவதற்குள் முள் படுத்தது. ஓரம்கட்டி நிறுத்தினார்.

காற்று வந்தது. ஏரிக் காற்று இல்லை, வேறு மாதிரி. உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது.

"இன்னும் ஆறு மைலுதான்" என்றார். "ஓட்டிப் பாத்துடலாமே. பேரிங் போனா போவட்டும்."

சத்தியமாக ஓட்டியிருப்பார். என் முகத்தைப் பார்த்துதான் சொன்னார். பேரிங் போனால் இன்ஜின் போகும், இன்ஜின் போனால் அந்தச் சத்தம் போகும், எங்கள் பிழைப்பும் போகும். எல்லாம் என்னால் வந்தது என்று எனக்குத் தெரியும்.

"வண்டியைத் திருப்பு மாமா" என்றேன்.

அவர் திருப்பவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே கேட்டார். "பட்டிக் கதவுக்குக் கல்லு இல்லாம கட்டையை முட்டுக் குடுத்துக் கீறியே, ஏன்னு நான் ஒரு தபாவாச்சும் கேட்டனா?"

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"காருக்கு அடியில படுத்துக்கினு இருந்தப்ப உன் காலு கல்லை உருட்டுனதைப் பாத்தேன். மூணு குழி."

"அப்ப கடையில ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். நீ சொல்லல. நீ பயந்துகினு கீறன்னு தெரிஞ்சுது. அந்தப் பயத்தோட உன்னை ஆழமான சேம்பரு வெச்ச வண்டியில இட்டுகினு வந்தா நீ கடலையா பாப்ப? ரோட்டைத்தான் பாத்துகினு வருவ" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், நான் சொல்ல எதையும் மிச்சம் வைக்கவில்லை. வண்டியைத் திருப்பினார். நிறுத்தி நிறுத்தி, ஆற வைத்து ஆற வைத்து, பொழுது சாய்வதற்குள் ஊர் வந்தோம். கேழ்வரகு பரப்பியிருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, கால்வாயில் இறங்கி, அந்தக் கல்லைத் தூக்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் பட்டிக் கதவுக்கு அதுதான் முட்டு.

ஆழமான சேம்பரை வாங்க அவர் அடுத்த வாரமே புதுப்பேட்டைக்குப் போனார். அது விற்றுப் போயிருந்தது. தட்டைச் சேம்பரோடு பக்கத்துச் சவாரிகளாக இரண்டு வருஷம் ஓட்டினார். அப்புறம் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் எல்லாரையும்போல டீசல் இன்ஜினை மாட்டினார். மாவு மிஷின் மாதிரி ஒரு சத்தம். வளைவில் வரும்போது வேறு யாருடைய வண்டியோ என்று இருந்துவிடுவேன், குழம்பு ஆறிக் கிடக்கும்.

டீசல் மாட்டின வருஷம் ஆடியில், "கெளம்புமே, இப்ப ஒரே மூச்சுல போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

"அந்தச் சத்தம் இல்லாத வண்டியில நான் வரமாட்டேன்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். கொஞ்சம் கெஞ்சட்டும் என்று இருந்தது எனக்கு. அவர் கெஞ்சவில்லை. சிரித்துவிட்டுச் சவாரிக்குப் போய்விட்டார். அப்புறம் அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. எண்பதுகள் முடிவதற்குள் அவர் நெஞ்சு வலியில் போய்விட்டார். காரை விற்றுவிட்டோம்.

பல வருஷம் கழித்து என் மகள் ஒரு வேன் பிடித்து என்னைக் கூட்டிப்போனாள். புளியமரம் இருந்த இடத்தில் ஒரு கடை வந்திருந்தது. அதைத் தாண்டி நாங்கள் போகாமல் விட்ட ஆறு மைலை நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மேடு கிடையாது, ஒரு வளைவு கிடையாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

கடலில் கணுக்கால் வரை நின்றேன். பெரிசாகத்தான் இருந்தது. ஆனால் நான் பக்கத்தில் பார்த்தேன். பக்கத்தில் அவர் இல்லை.

"கல்லை வெச்சது நான்தான் மாமா" என்றேன்.

தூரத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மகள், "இன்னாம்மா சொன்ன?" என்று கேட்டாள். அலைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.